புதினமா, கடிதமா, கல்வெட்டா: பிள்ளைக்கு வரலாற்றை எந்த வாசிப்பின் வழியாகத் தருவது?

பத்து வயதை நெருங்கும் பிள்ளை வரலாற்றை விரும்பிப் படிக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர், நான்கு வகை நூல்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்: படக்கதை; வரலாற்றுப் புதினம்; பிள்ளையோடு பேசுவதுபோல எழுதப்பட்ட வரலாற்று நூல்; கல்வெட்டு, நாட்குறிப்பு, தன்வரலாறு போன்ற மூலச் சான்றுகள். பள்ளிப் பாடநூலை இந்தப் பட்டியலில் சேர்க்கவில்லை. தேர்வுக்காகப் படிக்கப்படும் நூல் காலவரிசையை மனத்தில் நிறுத்தப் பயன்படும் என்றாலும், விருப்பத்தை வளர்க்கும் பொறுப்பை அதன் மீது ஏற்றுவது நியாயமாகாது.

படக்கதையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1967-இல் அனந்த் பை தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசை, இந்தியாவின் பல மொழிகளில் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளுக்கு அசோகரையும் சிவாஜியையும் அறிமுகம் செய்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கும் ஏழெட்டு வயதில் அதற்கு இணையான வாசல் வேறில்லை. ஆனால் சில பக்கங்களுக்குள் ஒரு வாழ்க்கையை அடக்க வேண்டியிருப்பதால் நாயகன் முழு நல்லவனாகவும் எதிரி முழுத் தீயவனாகவும் ஆகிவிடுகிறார்கள். உழவர், வணிகர், வரி, நீர்ப்பாசனம் எல்லாம் பின்னணியில் மறைந்துபோகின்றன. பத்து வயதுக்குப் பிறகும் பிள்ளை இதிலேயே தங்கிவிடுவது நல்லதன்று.

புதினத்தின் வலிமை வேறு. கல்கி 1950 முதல் 1954 வரை வார இதழில் தொடராக எழுதிய ‘பொன்னியின் செல்வன்’ ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. அந்த ஏரி இன்றும் வீராணம் என்ற பெயரோடு சென்னைக்குக் குடிநீர் தருகிறது. தான் படிக்கும் கதையின் நிலம் பேருந்தில் போய் இறங்கக்கூடிய ஓர் ஊர் என்று பிள்ளைக்குத் தெரியும்போது உண்டாகும் ஈர்ப்பை வேறெந்த நூலும் அவ்வளவு எளிதாகத் தருவதில்லை. ஐந்து பாகங்களை ஒரு பிள்ளை தானாகவே படித்து முடிக்கிறது என்றால், நீண்ட வாசிப்புக்கான பொறுமையும் அதனோடு சேர்ந்தே வருகிறது. பிற்காலத்தில் கனமான வரலாற்று நூல்களைப் படிக்க அந்தப் பொறுமையே முதல் தேவை.

இதற்கு எதிராகப் பெற்றோர் சிலர் சொல்வது, புதினம் பொய்யை உண்மையாக நம்பவைத்துவிடும் என்பது. அந்த அச்சத்தில் பாதி சரி. ‘பொன்னியின் செல்வ’னில் வரும் நந்தினி கற்பனைப் பாத்திரம். வந்தியத்தேவனோ வாழ்ந்த மனிதன். ஆனால் ராஜராஜ சோழனின் அக்கா குந்தவையின் கணவன் என்று தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு தரும் குறிப்புக்கு அப்பால் அவனைப் பற்றி உறுதியாகச் சொல்லக் கிடைப்பது மிகக் குறைவு. இந்த வேறுபாட்டை யாரும் எடுத்துச் சொல்லாவிட்டால் பிள்ளைக்கு இருவரும் ஒன்றுதான். குறை புதினத்தினுடையது என்பதைவிட, அதைக் கையில் கொடுத்துவிட்டு அத்தோடு விட்டுவிடும் பெரியவர்களுடையது என்றே நான் கருதுகிறேன்.

கடித வடிவ வரலாறு இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. 1928-ஆம் ஆண்டுக் கோடையில், முசௌரியில் இருந்த பத்து வயது இந்திராவுக்கு அலகாபாத்திலிருந்து நேரு எழுதிய கடிதங்கள் பூமியின் தோற்றத்திலிருந்து தொடங்கி, எழுத்து இல்லாத காலத்தைப் பாறையிலும் எலும்பிலும் படிக்கலாம் என்று பொறுமையாக விளக்குகின்றன. பின்னர் 1930 முதல் 1933 வரை சிறைகளிலிருந்து எழுதியவை உலகம் முழுவதையும் தழுவிய பெருநூலாயின. சீனமும் அரபு நாடுகளும் ஐரோப்பாவும் ஒரே காலத்தில் எப்படி இருந்தன என்று பார்க்கும் பழக்கத்தை இவை ஊட்டுகின்றன. புதினத்தால் அது இயலாது. ஆயினும் இவற்றில் பேசும் குரல் ஒன்றே. பிள்ளை கேட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறதே தவிர, தானே கண்டுபிடிக்கும் இடத்துக்கு வருவதில்லை. அன்றைய அறிவியல் செய்திகள் சிலவும் இன்று மாறிவிட்டன. ஆகையால் பெரியவர் ஒருவர் உடனிருந்து படிப்பது நல்லது.

மூலச் சான்றுகளைப் பிள்ளைகளுக்குத் தருவதைப் பலர் எண்ணிப் பார்ப்பதே இல்லை. இந்த ஒப்பீட்டில் நான் மிக உயர்வாக மதிப்பது இதைத்தான். உத்திரமேரூரில் சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் ஊர்ச் சபைக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாக, அதாவது தேர்தல் வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. உறுப்பினரின் வயது 35-க்குக் குறையாமலும் 70-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்க, அதிலிருந்து ஓலையை எடுப்பது ஒரு சிறுவன். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆட்சிமுறையில் தன் வயதுப் பிள்ளைக்கு ஒரு வேலை இருந்தது என்று படிக்கும் பிள்ளை, அதை எளிதில் மறக்காது. ‘கணக்குக் காட்டாதவருடைய உறவினரை ஏன் தள்ளினார்கள்?’ என்று அது கேட்டால், அந்தக் கேள்வியிலேயே வரலாற்று ஆய்வு தொடங்கிவிட்டது.

கல்வெட்டின் குறையையும் மறைக்கக்கூடாது. அதன் மொழிநடை பிள்ளைக்குப் புரியாது. இன்றைய தமிழில் யாராவது விரித்துச் சொல்ல வேண்டும். முழுதாகப் படிக்கக் கொடுத்தால் நிலஅளவுகளும் கொடைக் கணக்குகளும் சலிப்பூட்டும். பன்னிரண்டு வயதுக்கு மேல் உரைநடைச் சான்று தேடுவோருக்கு, 1940 முதல் 1942 வரை தொடராக வந்த உ. வே. சாமிநாதையரின் தன்வரலாற்றில் இளமைக் காலத்தைச் சொல்லும் பகுதிகள் மிகவும் பொருந்தும். திண்ணைப் பள்ளியும் ஓலைச்சுவடியும் அவற்றில் கண்முன் நிற்கின்றன.

ஆகவே எட்டு வயது வரை படக்கதை, பத்து வயதை ஒட்டிப் பெரியவர் துணையோடு கடிதங்கள், பதினொன்று பன்னிரண்டில் புதினம், அது முடிந்த கையோடு அதற்குரிய சான்று என்ற வரிசையை நான் பரிந்துரைப்பேன். ராஜராஜனின் அண்ணனான இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்பதைக் கல்கி திட்டவட்டமாகச் சொல்லாமலே விடுகிறார். அந்தக் கொலையைப் பேசும் கல்வெட்டு, கதை தொடங்கும் அதே ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் இருக்கிறது. ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்த அது சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களுடைய சொத்துகளையும் உறவினர் சொத்துகளையும் பறிமுதல் செய்வதைக் குறிப்பிடுகிறது. வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி, ராஜராஜனுக்கு முன் ஆண்ட உத்தம சோழன் மீது ஐயம் கொண்டார். ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் அதை மறுத்து எழுதினார். ஐந்தாம் பாகத்தை மூடிவைத்த பிள்ளையிடம் இந்தக் கல்வெட்டின் செய்தியையும் இரண்டு அறிஞர்களின் வாதங்களையும் எளிய தமிழில் எடுத்துச் சொல்லி, எது பொருத்தம் என்று அதையே காரணத்தோடு சொல்லச் சொல்லலாம்.