குழந்தைகளின் கோடைக்கால நீச்சல் வகுப்பு: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக் குளத்தில், கோடை விடுமுறையில் 4 முதல் 7 வயதுக் குழந்தைகளுக்கு நடந்த குழு வகுப்பைப் பற்றிய எச்சரிக்கை இது. நடத்தியவர்கள் வெளியாட்கள். குடியிருப்போர் சங்கம் குளத்தை அவர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. ஒரு குழந்தைக்கு 4,500 ரூபாய், 16 வகுப்பு, ஒவ்வொன்றும் 45 நிமிடம். ஆறு குழந்தைக்கு ஒரு கோச் என்றும், முடியும்போது குழந்தை தானாக நீந்தும் என்றும் வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள்.

நடந்தது வேறு. 22 குழந்தைகளுக்குத் தண்ணீரில் இறங்கியவர் ஒரே ஒருவர். இரண்டாவது ஆள் கரையில் நின்று வீடியோ எடுத்தார். கடைசி நாளில் அத்தனை பேருக்கும் பதக்கம், சான்றிதழ். கையில் மாட்டிய காற்றுப் பட்டையைக் கழற்றினால் பத்து விநாடி மிதக்கக்கூடிய குழந்தை அவர்களில் ஒன்றுகூட இல்லை.

போன பணத்தைவிட இதுதான் ஆபத்து. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி நீரில் மூழ்கி இறப்பது அதிகம் நடப்பது 1 முதல் 4 வயதில். அதற்கு அடுத்தது 5 முதல் 9. அந்த வயதில் ஒரு குழந்தையின் கையில் "நீந்தத் தெரியும்" என்று பொய்ச் சான்றிதழைக் கொடுத்தால், குழந்தைக்குத் தண்ணீர் மேல் இருந்த பயம் போய்விடும், பெற்றோரின் கண்காணிப்பும் தளர்ந்துவிடும்.

முதலில் நேரக் கணக்கு. 45 நிமிடத்தில் வார்ம்-அப்புக்குப் பத்து நிமிடம், கடைசியில் விளையாட்டுக்கு ஐந்து நிமிடம் போனால் மிச்சம் 30. அதை 22 குழந்தைகளுக்குப் பிரித்தால் ஒருவருக்கு 82 விநாடி. 16 வகுப்பையும் கூட்டினாலும் கோச்சின் கை ஒரு குழந்தைக்குக் கிடைத்தது சுமார் 22 நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் குழந்தை விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்தபடி தன் முறைக்குக் காத்திருந்தது. சின்ன உடம்பு பெரியவர்களைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். உதடு நீலம் பூத்து நடுங்கத் தொடங்கிய குழந்தையை மேலே ஏற்றித் துவட்ட வேண்டும். அதன்பின் அது எதையும் கற்காது. 5 வயதுக்குக் கீழ் ஒரு கோச்சுக்கு நான்கு குழந்தை, 6, 7 வயதில் ஆறு குழந்தை, அதற்கு மேல் ஒப்புக்கொள்ளவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. சொல்லித்தருபவர் போக, வெறுமனே பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் கரையில் வேண்டும். அவர் கையில் செல்போன் இருக்கக் கூடாது.

அடுத்தது ஆழம். அந்தக் குளத்தின் ஆழம் குறைந்த பக்கமே 4 அடி, அதாவது 122 செ.மீ. ஐந்து வயதுக் குழந்தையின் உயரம் பொதுவாக 105 முதல் 110 செ.மீ. வகுப்பில் பெரும்பாலானோருக்குத் தரையே எட்டவில்லை. தொடக்கப் பாடத்துக்குத் தண்ணீர் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில், இரண்டு, இரண்டரை அடியில் நிற்க வேண்டும். கால் ஊன்றி எழுந்து நிற்க முடியும் என்று தெரிந்த குழந்தைதான் முகத்தைத் தண்ணீரில் வைக்கத் துணியும். பக்கத்திலேயே 2 அடி பேபி பூல் காலியாகக் கிடந்தது. அதில் வீடியோ நன்றாக வராது என்பதைத் தவிர, அதைப் பயன்படுத்தாததற்கு வேறு காரணம் எங்களுக்குத் தெரியவில்லை.

தரை எட்டாததால் காற்றுப் பட்டை வந்தது. பாடம் கெட்டது அங்கேதான். பட்டை குழந்தையைத் தோளில் பிடித்துச் செங்குத்தாக நிறுத்தும். தலை மேலே, கால் கீழே, சைக்கிள் மிதிப்பு. நீச்சலுக்கு வேண்டியது இதற்கு நேர் எதிர்: முகம் தண்ணீரில், இடுப்பு மேலே, உடம்பு படுக்கை வாட்டத்தில். செங்குத்து நிலை பழகிவிட்ட குழந்தை பட்டை இல்லாமல் விழுந்தால் அதே நிலையில் நேராக உள்ளே போகும்.

ஒழுங்கான வரிசை இப்படி இருக்கும். விளிம்பில் உட்கார்ந்து, திரும்பி, வயிற்றை ஒட்டியபடி இறங்குவது. சுவரைப் பிடித்துப் பக்கவாட்டில் நகர்ந்து படிக்கு வருவது. முழங்கை, வயிறு, முழங்கால் என்று ஊன்றித் தானே வெளியே ஏறுவது. முதல் இரண்டு வகுப்பு இதற்கே போக வேண்டும். பிறகு வாயால் குமிழி விடுவது, அடுத்து "ம்ம்ம்" என்று முனகிக்கொண்டே மூக்கால் விடுவது. மூச்சை வெளியே விடும்போது மூக்கில் தண்ணீர் ஏறாது. அதன் பின் மல்லாந்து மிதப்பது: காது தண்ணீருக்குள், மோவாய் மேலே, வயிறு மேலே. கோச்சின் உள்ளங்கை பின்தலையிலும் முதுகிலும் தாங்கும். நாளாக நாளாக அது இரண்டு விரலாகக் குறையும், பிறகு எடுக்கப்படும். குப்புற மிதந்து, முழங்காலை மார்புக்கு இழுத்து, கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்தி எழுந்து நிற்பதையும் இதே கட்டத்தில் பழக்க வேண்டும். பல கோச்கள் விட்டுவிடும் பாடம் இது. குப்புற மிதக்கத் தெரிந்து எழத் தெரியாத குழந்தை பீதியில் தண்ணீர் குடிக்கும். அப்புறம் சுவரை உதைத்து வழுக்கிப் போவது, குப்புற இருந்து மல்லாந்து புரள்வது. கை வீச்சு இதெல்லாம் முடிந்துதான். இங்கே இரண்டாம் நாளே ஃப்ரீஸ்டைல் கை தொடங்கிவிட்டது.

பயந்த குழந்தைகளை "பயம் தெளிய" என்று சொல்லித் தலையைப் பிடித்து அமுக்கியதும் நடந்தது. இதை எந்தப் பெற்றோரும் ஒருமுறைகூட அனுமதிக்காதீர்கள். மூச்சை வெளியே விடத் தயாராக இல்லாத குழந்தை அந்த நேரத்தில் தண்ணீரை உள்ளே இழுக்கும். திரும்பத் திரும்ப நிறையக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறையலாம்: வயிறு உப்புசம், வாந்தி, காரணமில்லாத தூக்கக் கலக்கம். வீட்டுக்கு வந்த பிறகும் இருமல் நிற்காமல், மூச்சு வாங்கி, குழந்தை சோர்ந்து போனால் காலை வரை பொறுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தண்ணீரின் தரத்தை யாரும் கேட்பதில்லை. கண் எரிச்சலும் நெடியும் வந்தால் "குளோரின் நல்லாப் போட்டிருக்காங்க" என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அந்த நெடி, வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைனுடையது. கிருமியைக் கொல்லும் குளோரின் குறைந்திருக்கிறது என்பதன் அறிகுறியாகவும் அது இருக்கலாம். எதனோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின், அதாவது கட்டற்ற குளோரின், குறைந்தது 1 பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.2 முதல் 7.8 இருக்க வேண்டும். பிஹெச் 7.5-இல் குளோரினில் ஏறத்தாழ பாதிதான் வீரியமான வடிவில் இருக்கும். 8-க்குப் போனால் கால் பங்குக்கும் கீழே. பராமரிப்பு ஆளிடம் இருந்த டெஸ்ட் கிட் மஞ்சள் நிறம் காட்டும் பழைய வகை. அது மொத்தக் குளோரினைத்தான் காட்டும், கட்டற்றதைத் தனியாகக் காட்டாது. இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகையைக் கேளுங்கள். நீச்சல் குளத் தண்ணீருக்கு ஐஎஸ் 3328 என்ற இந்தியத் தர நிர்ணயமே இருக்கிறது. ஒன்றும் இல்லாவிட்டாலும், கரையில் நின்று பார்த்தால் ஆழமான இடத்தின் வடிகால் மூடி துல்லியமாகத் தெரிய வேண்டும். தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருந்தால் உள்ளே மூழ்கிய குழந்தையும் தெரியாது. அந்த மூடி ஆடினாலோ உடைந்திருந்தாலோ அன்றைக்கு வகுப்பே கூடாது, உறிஞ்சும் வேகம் முடியையும் கையையும் பிடித்துவிடும். நீல நிற நீச்சலுடை தண்ணீருக்குள் மறைந்துவிடும்; ஆரஞ்சு, பளிச்சென்ற இளஞ்சிவப்பு வாங்குங்கள்.

மூழ்கும் குழந்தை கத்தாது, கையசைக்காது. வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்கும், அவ்வளவுதான். 20 முதல் 60 விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். ஆகவே மீட்பு வளையமும் நீளக் கம்பும் பூட்டிய அறையில் இருந்து பயனில்லை. கோச்சிடம் "மூழ்கின குழந்தையைத் தூக்கினதும் என்ன செய்வீங்க?" என்று நேராகக் கேளுங்கள். மூச்சு இல்லையென்றால் முதலில் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்து, பிறகு மார்பை அழுத்தி, மாற்றி மாற்றித் தொடர வேண்டும். இன்னொருவர் 108-ஐ அழைக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்து வயிற்றை அமுக்குவேன் என்று சொல்பவரிடம் குழந்தையை விடாதீர்கள். இங்கே வந்த பதில் அதுதான். தகுதிக்கு ஆதாரமாக அந்தக் கோச் காட்டியது மாவட்ட நீச்சல் போட்டியில் கலந்துகொண்ட சான்றிதழ். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தின் (என்ஐஎஸ்) பயிற்சியாளர் டிப்ளமாவோ, உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழோ இல்லை. வேகமாக நீந்துபவருக்கு நாலு வயதுக் குழந்தைக்குச் சொல்லித்தரத் தெரியும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு "கட்டிய கட்டணம் திரும்பாது" என்ற வரியைக் காட்டினார்கள். பணம் தனி நபரின் ஜிபே எண்ணுக்குப் போயிருந்தது, ரசீது இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ரசீது தராமல் இருப்பதே முறையற்ற வணிக நடைமுறை. குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அப்படியே. ரசீதில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தர 30 நாள் என்கிறது சட்டம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்குப் புகார்க் கட்டணமில்லை. விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பணம் போன பதிவு, ஒரு கோச்சையும் எல்லாக் குழந்தைகளையும் ஒரே சட்டகத்தில் காட்டும் தேதியிட்ட படம், இந்த மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

16 வகுப்பில் நேர்மையான கோச் என்ன தர முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். ஐந்து வயதுக் குழந்தை பட்டையின்றி மல்லாந்து கொஞ்ச நேரம் மிதப்பது, விழுந்தால் திரும்பிச் சுவரைப் பிடிப்பது, தானே ஏறுவது. இவ்வளவு வந்தாலே நல்ல வகுப்பு. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் நீர்த் திறன் என்று சொல்வதற்கு, தலைக்கு மேல் ஆழமான நீரில் குதித்து மேலே வந்து, ஒரு நிமிடம் மிதந்து, முழுவட்டம் திரும்பி, 25 கஜம் நீந்தி, ஏணி இல்லாமல் வெளியேற வேண்டும். ஒரு கோடையில் நாலு வயதுக் குழந்தைக்கு இது வரும் என்று யார் சொன்னாலும் அங்கே பணம் கட்டாதீர்கள்.

இதே ஆட்கள் இப்போது வேறு பெயரில் பக்கத்துக் குடியிருப்புகளில் வார இறுதி வகுப்புக்குச் சேர்க்கை நடத்துகிறார்கள். உங்கள் சங்கம் குளத்தைக் கொடுக்கும் முன், ஒரு வேளைக்கு எத்தனை குழந்தை, தண்ணீரில் எத்தனை கோச், கரையில் யார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். முழுக் கட்டணத்தையும் முன்பணமாகத் தராமல் நான்கு நான்கு வகுப்பாகக் கட்டுங்கள்.