ஐரோப்பிய வானத்துக்கு எத்தனை கட்டுப்பாட்டு அறைகள் வேண்டும்?

பிரஸ்ஸல்ஸிலிருந்து கிளம்பும் விமானம் 24,500 அடியைத் தாண்டிவிட்டால், விமானியிடம் பேசி வழிநடத்தும் கன்ட்ரோலர் பெல்ஜியத்தில் இருப்பதில்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் விமான நிலையத்தை ஒட்டிய ஒரு கட்டடத்தில் இருக்கிறார். 1972-இல் வேலையைத் தொடங்கிய அந்த மையம் இன்று பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், ஜெர்மனியின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் மேல்வானம் முழுவதையும் பார்த்துக்கொள்கிறது. நடத்துவது ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அமைத்த வான்போக்குவரத்து அமைப்பான யூரோகன்ட்ரோல். நான்கு நாடுகள், ஒரே ரேடார் அறை.

எல்லை தாண்டிய ஒத்துழைப்புக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. ஆனால் இதை இன்னொரு இடத்தில் செய்து காட்ட ஐரோப்பாவால் முடியவில்லை. மத்திய ஐரோப்பாவுக்கு வியன்னாவில் இதே போன்றதொரு மையம் அமைக்க 1997-இல் ஒப்பந்தம்கூடப் போட்டார்கள். அந்த மையம் வரவே இல்லை. யூரோகன்ட்ரோலை நிறுவிய நாடுகளில் இரண்டான பிரான்சும் பிரிட்டனும் தங்கள் மேல்வானத்தை அதனிடம் ஒப்படைக்க முதலிலேயே மறுத்துவிட்டன.

இரண்டாவது வழி, மையங்கள் அப்படியே இருக்கட்டும், வானத்தை மட்டும் பெரிய தொகுதிகளாகச் சேர்ப்போம் என்பது. ஐரோப்பிய ஒன்றியம் 2004-இல் 'ஒற்றை வானம்' சட்டங்களைக் கொண்டுவந்தது. 2009-இல் அதைத் திருத்தி, 2012 டிசம்பருக்குள் தொகுதிகள் தயாராக வேண்டும் என்று கெடு வைத்தது. ஒன்பது தொகுதிகள் காகிதத்தில் பிறந்தன. பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க், சுவிட்சர்லாந்து சேர்ந்த ஃபாபெக்தான் அதில் பெரிய பேச்சு. இதற்காக எந்த நாடும் தன் மையத்தை மூடவில்லை. வானம் இன்னும் துண்டு துண்டாகத்தான் இருக்கிறது என்று ஐரோப்பியத் தணிக்கை நீதிமன்றம் 2017-இல் எழுதியபோது யாருக்கும் அதிர்ச்சி இருந்திருக்காது.

ஏன் என்றால், பணம். தன் வானத்தில் பறக்கும் விமானத்திடம் ஒவ்வொரு நாடும் கட்டணம் வாங்குகிறது. அதன் கணக்கு இது: அந்த நாட்டின் மேல் பறந்த தூரத்தை, கிலோமீட்டரில், 100-ஆல் வகுக்க வேண்டும். விமானத்தின் அதிகபட்சப் புறப்பாட்டு எடையை 50 டன்னால் வகுத்து வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டையும் பெருக்கினால் சேவை அலகு. 50 டன் விமானம் ஒரு நாட்டின் மேல் 400 கிலோமீட்டர் பறந்தால் நான்கு அலகு. அதை அந்த நாட்டின் கட்டண விகிதத்தால் பெருக்கினால் பில் தயார். கணக்கு எல்லோருக்கும் ஒன்று, விகிதம் மட்டும் நாட்டுக்கு நாடு வேறு. அதனால் பாதையை நேராக்கினால் யாரோ ஒருவருக்கு வருமானம் குறைகிறது. தொகுதி ஒப்பந்தங்கள் இந்த இடத்தைத் தொடாமல் நாசூக்காகச் சுற்றிப் போனவை என்பது என் எண்ணம்.

மூன்றாவது வழி பெரிய பேச்சு இல்லாதது. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, குரோஷியா, போஸ்னியா, செர்பியா, மாண்டினீக்ரோ ஆகிய நாடுகளின் மேல்வானம் 2018 பிப்ரவரியிலிருந்து ஒரே சுதந்திரப் பாதை மண்டலம். விமான நிறுவனம் நுழையும் புள்ளியையும் வெளியேறும் புள்ளியையும் சொல்லி, நடுவில் நேர்கோடு போட்டுக்கொள்ளலாம். எல்லையில் வளைந்து திரும்பத் தேவையில்லை. அலைவரிசை மட்டும் மாறும்; ஒவ்வொரு மையமும் தன் வேலையைத் தானே செய்யும். தொண்ணூறுகளில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட நாடுகள் இதில் இருக்கின்றன என்பதை நினைத்தால், ஃபாபெக் கொஞ்சம் வெட்கப்படலாம்.

அப்புறம், நாடு நாட்டுக்கு வேலையை ஒப்படைக்கும் முறை ஒன்றும் உண்டு. கொசோவோவின் மேல்வானத்தை 2014 ஏப்ரலிலிருந்து புடாபெஸ்டில் உட்கார்ந்து ஹங்கேரிக்காரர்கள் கவனிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் செர்பியா கிடக்கிறது. நன்றாகவே ஓடுகிறது.

ஒப்படைப்பில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2002 ஜூலை 1 சாட்சி. தெற்கு ஜெர்மனியின் ஒரு பகுதி வானத்தைச் சுவிட்சர்லாந்தின் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிறுவனமான ஸ்கைகைடு ஜூரிக்கிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. அன்றிரவு பணியிடத்தில் இருந்தது ஒரே ஒரு கன்ட்ரோலர். தொலைபேசி அமைப்பில் பராமரிப்பு வேலை. அந்தப் பகுதியில் உள்ள யூபர்லிங்கன் ஊருக்கு மேல் இரண்டு விமானங்கள் நெருங்குவதை ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தின் திரை காட்டிவிட்டது. அங்கிருந்து ஜூரிக்கைக் கூப்பிட்டார்கள், லைன் கிடைக்கவில்லை. விமானங்கள் மோதி 71 பேர் இறந்தார்கள். இந்த ஒப்படைப்புக்குச் சரியான சட்ட அடிப்படையே இல்லை, ஆகவே பொறுப்பு ஜெர்மனிக்குத்தான் என்று 2006-இல் கான்ஸ்டன்ஸ் நீதிமன்றம் சொன்னது. கூப்பிட்டால் எடுக்க வேண்டிய போன், தவறு நடந்தால் யார் பொறுப்பு என்கிற ஒரு வரி: இரண்டுமே அன்று இல்லை.

சரி, எது மேல்? நெரிசலான மேற்கு ஐரோப்பாவுக்கு மாஸ்ட்ரிக்ட் மாதிரிதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்காகப் பிரான்சின் ரைம்ஸ் மையத்தையோ ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூ மையத்தையோ மூட எந்த அமைச்சரும் கையெழுத்துப் போட மாட்டார். நடக்கக்கூடியது என்று பார்த்தால் என் ஓட்டு மூன்றாவதாகச் சொன்ன பால்கன் வழிக்கு. தொகுதிகளுக்கு என்னிடம் ஓட்டு இல்லை.

பால்கன் வழியிலும் தீராதது ஆள் பற்றாக்குறை. ஒரு செக்டாருக்கு, அதாவது வானத்தின் ஒரு துண்டுக்கு, உரிமம் பெற்ற கன்ட்ரோலரை இன்னொரு செக்டாரில் அப்படியே உட்கார வைக்க முடியாது. மாஸ்ட்ரிக்டிலேயே பிரஸ்ஸல்ஸ், டெகோ, ஹனோவர் என்று மூன்று செக்டார் குழுக்கள். ஒரு குழுவின் ஆள் பக்கத்துக் குழுவின் நாற்காலிக்குப் போவதில்லை. ஆள் குறைந்த நாளில் எந்த மாதிரியாக இருந்தாலும் கடைசியில் பிரஸ்ஸல்ஸிலிருந்து யூரோகன்ட்ரோல் அனுப்பும் ஸ்லாட்தான், அதாவது விமானம் கிளம்ப ஒதுக்கப்பட்ட நேரம்: குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன், பத்து நிமிடம் பின். அதற்குள் ஓடுபாதையை விட்டுக் கிளம்பாவிட்டால் புது ஸ்லாட் கேட்டு மறுபடி காத்திருக்க வேண்டும்.