மெல்லோட்டமா, ஓட்டமா? திருகோணமலையில் ஒரு காலமைக் கணக்கு

விடிய ஐந்தரைக்கு உட்துறைமுக வீதிப் பக்கம் போனால் இரண்டு விதமான ஆட்களைப் பார்க்கலாம். சிலர் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து, பிள்ளைகளின் சோதனையையும் மீன் விலையையும் கதைத்துக்கொண்டே கால் எடுத்து வைப்பார்கள். இன்னொருவர் தனியே, வாயால் மூச்சு விட்டுக்கொண்டு, யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் கடந்து போவார். இரண்டு பேரையும் மறித்துக் கேட்டால் "ஓடுறன்" என்பதுதான் பதில். ஆனால் உடம்புக்குள் நடப்பது இரண்டு வேறு வேலைகள்: முதலாவது மெல்லோட்டம் (ஜொகிங்), மற்றது ஓட்டம்.

வழக்கமாகச் சொல்லப்படும் எல்லைக்கோடு வேகம்தான். மணிக்கு 6 மைல், அதாவது ஏறத்தாழ 9.7 கிலோமீற்றர். அதற்குக் கீழே மெல்லோட்டம், மேலே ஓட்டம். இந்த எண்ணை நான் நம்புவதில்லை. இருபது வயதுப் பெடியனுக்கு அந்த வேகம் விளையாட்டு. பிரஷர் மாத்திரை போடுகிற ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அது உயிர் போகிற வேகம். இடமும் காலமும் வேறு சேர்ந்துகொள்ளும். ஆடி மாதத்தில் கச்சான் என்கிற வெக்கைக் காற்று அடிக்கும்போது உடம்பு தன்னைக் குளிரவைக்கத் தோலுக்கு அதிக இரத்தம் அனுப்ப வேண்டும். அதே வேகத்தில் போனாலும் இதயம் கூடுதலாக அடிக்கும். மார்கழியில் மெல்லோட்டமாக இருந்தது கச்சானில் தானாகவே ஓட்டமாகிவிடும், கடிகாரம் எதைக் காட்டினாலும்.

மூச்சு சொல்லும் கணக்குத்தான் சரி. அதை எனக்குக் காட்டித் தந்தவர் என் அத்தான். ஒரு நாள் டச்சுக்குடாக் கரையோரம் சேர்ந்து ஓடும்போது திடீரென்று, "நேற்று வீட்டில என்ன சமையல்?" என்று கேட்டார். "பாரை மீன் குழம்பும் முருங்கையிலை..." என்பதற்குள் எனக்கு மூச்சு அறுந்துவிட்டது. "வறை எண்டு சொல்லி முடிக்க ஏலாதெண்டால் நீ ஓடுறாய். இண்டைக்கு மெல்லோட்டம் எண்டெல்லே வந்தனாங்கள்?" என்றார். முழு வசனம் பேச முடிந்தால் மெல்லோட்டம். இரண்டு மூன்று சொல்லோடு நின்றால் ஓட்டம். அன்றிலிருந்து எனக்கு இதுதான் அளவுகோல்.

கால்களைப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியும், ஆனால் நினைக்கிற அளவுக்கு இல்லை. நடையில் எப்போதும் ஒரு பாதமாவது தரையில் இருக்கும். மெல்லோட்டம், ஓட்டம் இரண்டிலும் ஒரு கணம் இரண்டு பாதமும் அந்தரத்தில் நிற்கும். மெல்லோட்டத்தில் எட்டு, அதாவது கால் எட்டி வைக்கும் தூரம், சிறியது, பாதம் தரையில் தங்கும் நேரம் கூட. ஓட்டத்தில் எட்டு நீளம், முழங்கால் உயரும், கை பின்னால் நன்றாகப் போகும்.

"மெல்ல ஓடினால் முழங்காலுக்குப் பாதுகாப்பு" என்பது ஊரில் எல்லாரும் சொல்வது. பாதிதான் உண்மை. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் உடல் எடையைப் போல் இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்கும். மெல்ல ஓடினால் அது குறையும் என்பது சரி. ஆனால் எட்டு சிறிதாவதால் அதே தூரத்துக்கு அடிகளின் எண்ணிக்கை கூடும். முழங்கால் அவ்வளவாக மிச்சம் பிடிப்பதில்லை. வேகம் கூடும்போது உண்மையில் அடி வாங்குவது கெண்டைக்காலும் குதிநாணும்தான். குதிக்கு மேலே நோ உள்ளவர் வேகத்தைக் குறைக்கட்டும். முழங்கால் நோ உள்ளவர் முதலில் குறைக்க வேண்டியது தூரத்தை.

கொழுப்புக் கரைப்பதற்காக இறங்கியவர்களுக்கு ஒரு கணக்கு. ஒரு கிலோமீற்றர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கிலோகலோரி செலவாகும். வேகம் இதை அதிகம் மாற்றுவதில்லை. 70 கிலோ ஆள் 5 கிலோமீற்றர் போனால் எப்படிப் போனாலும் 350 கிலோகலோரி அளவுதான். மெல்லோட்டத்தில் அதற்கு 40 நிமிடம் பிடிக்கும், மணிக்கு 12 கிலோமீற்றர் ஓடுபவருக்கு 25 நிமிடம். ஆக, வேகமாக ஓடி மிச்சமாவது நேரம். டச்சுக்குடாவின் காய்ந்த மணலில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே செலவு ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. ஈர மணல் லேசு, ஆனால் கரை ஒரு பக்கம் சரிந்திருக்கும். போன வழியே திரும்பி வந்தால்தான் இரண்டு காலுக்கும் சமமாகும்.

சுகாதாரத்துக்கு எது நல்லது? உலக சுகாதார நிறுவனம் வளர்ந்தவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 நிமிடக் கடும் உழைப்பு என்கிறது. மெல்லோட்டம் இதில் மிதமான பக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, அது கடும் உழைப்பில்தான் சேரும். வாரம் மூன்று நாள், 25 நிமிடம் கதைத்துக்கொண்டு ஓடினாலே கணக்கு நிறைந்துவிடும். கொப்பன்ஹேகன் நகர இதய ஆய்வு 2015இல் வெளியிட்ட முடிவில், மெதுவாகவோ மிதமாகவோ வாரத்துக்கு ஒன்று முதல் இரண்டரை மணி நேரம் வரை ஓடியவர்களுக்கே இறப்பு வீதம் மிகக் குறைவாக இருந்தது. கடுமையாக ஓடியவர்களுக்கு அந்த நன்மை தெரியவில்லை. அந்தக் குழுவில் ஆட்கள் மிகச் சிலர் என்பதால், வேகமாக ஓடினால் ஆபத்து என்று இதை வைத்து முடிவெடுக்கக் கூடாது.

அப்படியென்றால் ஓட்டம் எதற்கு? உடம்பின் உச்ச வரம்பை உயர்த்த. மூச்சு வாங்க ஓடும்போதுதான் இதயம் ஒரு துடிப்பில் தள்ளக்கூடிய இரத்தத்தின் அளவு நன்றாகக் கூடும், களைப்பு தள்ளிப்போகும். பாடசாலைப் போட்டிக்கோ பொலிஸ் வேலைத் தெரிவுக்கோ ஆயத்தம் செய்யும் பிள்ளைகள் மெல்லோட்டத்தோடு நின்றால் போதாது.

ஆனால் பெரிய ஓட்டக்காரர்களும் தினமும் வேகமாக ஓடுவதில்லை. 2022இல் பெர்லின் மரதனை 2 மணி 1 நிமிடம் 9 செக்கனில் முடித்த எலியுட் கிப்சோகேயும் வாரத்தின் பெரும்பகுதியைத் தனக்கு இலகுவான வேகத்தில்தான் ஓடுகிறார். நான் இரண்டு வருடம் இதற்கு நேர்மாறாகச் செய்தேன். தினமும் ஒரே வேகம். கதைக்கவும் முடியாது, உண்மையான வேகமும் இல்லை. முன்னங்கால் எலும்போரம் நோ வந்தது, நேரம் ஒரு செக்கன்கூடக் குறையவில்லை. அத்தான் சொல்லி நாலு நாளை மெல்லோட்டமாக்கி, ஒரு நாளை மட்டும் வேகத்துக்கு ஒதுக்கிய பிறகு, 5 கிலோமீற்றர் 31 நிமிடத்திலிருந்து 28க்கு வந்தது.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குபவர் மூன்று மாதம் மெல்லோட்டம் மட்டும் செய்யட்டும். நாற்பது கடந்தவர், சீனி, பிரஷர் உள்ளவர் முதலில் டொக்டரிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு இறங்கட்டும். அந்த மூன்று மாதம் முடிந்த பிறகு வாரத்தில் ஒரு நாள், பத்து நிமிடம் மெல்லோட்டத்தில் உடம்பைச் சூடாக்கி, ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று ஆறு தடவை. அதற்குச் சமதரையான மைதானம் நல்லது. கோணேசர் கோயிலுக்குப் போகும் கோட்டைப் பாதை வேண்டாம்: ஏற்றம் மூச்சை உடனே பறித்துவிடும், மான்கள் குறுக்கே வரும், கும்பிட வருகிற சனமும் நடக்கிற வழி அது.