லேபிள் இல்லாத வெள்ளை டப்பா: முகத்துக்கு கிரீம் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

மதுரையில் எங்கள் தெருமுனை பார்லருக்குப் புருவம் திருத்தப் போயிருந்தேன். மூக்கின் மேலும் கன்னத்திலும் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பொடிப்பொடியாகப் பழுப்புப் புள்ளிகள் உண்டு. அம்மாவுக்கும் உண்டு. பார்லர் அக்கா அதைப் பார்த்துவிட்டு, "இது மங்கும்மா, இப்படியே விட்டா முகம் பூரா பரவிடும்" என்றார். பயந்துவிட்டேன். மூலிகை கிரீம் என்று ஒரு வெள்ளை டப்பாவைக் கொடுத்தார். 850 ரூபாய். அதில் பெயர் இல்லை, தயாரித்தவர் முகவரி இல்லை, பேட்ச் எண் இல்லை. கேட்டதற்கு, "நாங்களே கலக்குறது, அதான்" என்றார்.

பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. ஆபீசில் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். இரண்டு பேர் வாங்கவும் செய்தார்கள்.

நாலு மாதம், நாலு டப்பா. ஒரு முறை ஊருக்குப் போனபோது எடுத்துப்போக மறந்துவிட்டேன். மூன்றாம் நாள் முகத்தில் மிளகாய்ப்பொடியை அப்பியதுபோல் எரிச்சல். சிவந்து, பருவாகக் கிளம்பி, அடுப்படியில் நிற்கவே முடியவில்லை. மறுபடி போட்டால் அடங்கும், விட்டால் திரும்பும். பார்லரில் கேட்டால், "அழுக்கு வெளிய வருது, நிறுத்தாதீங்க" என்றார்கள்.

தோல் மருத்துவர் என் கன்னத்தில் தெரிந்த மெல்லிய ரத்த நாளங்களையும் தாடையில் புதிதாக முளைத்திருந்த பூனைமுடியையும் பார்த்ததுமே ஸ்டீராய்டு என்று சொல்லிவிட்டார். அது ரத்த நாளங்களைச் சுருக்கும், அதனால் முகம் வெளுத்துத் தெரியும். நாள்பட்டால் தோல் மெலியும். நிறுத்தியதும் சுருங்கியிருந்த நாளங்கள் விரிந்துகொள்ளும், எரிச்சல் அதனால்தான். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்திருக்கிறது. டப்பாவில் பாதரசமும் இருக்கலாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்று சிறுநீர்ப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்தார். கேரளத்தில் மலப்புரம் பக்கம் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 13 பேர் இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம் போட்டவர்கள். சிறுநீரகம் இப்படிக் கெட்டால் சிறுநீரில் புரதம் கசியும். நல்லவேளை, எனக்கு அது இல்லை.

இதையெல்லாம்விட வயிற்றெரிச்சல் என்னவென்றால், என் புள்ளிகள் மங்கே இல்லை. மங்கு படையாகப் படரும். ஹார்மோன் மாற்றத்தாலும் வெயிலாலும் வரும், கர்ப்ப காலத்தில் அதிகம். எனக்கு இருப்பது ஃப்ரெக்கிள்ஸ். பரம்பரையாக வருவது. அந்த இடத்துச் செல்கள் வெயில் பட்டதும் தோலுக்கு நிறம் தரும் மெலனினைக் கூடுதலாகச் சுரக்கின்றன, அவ்வளவுதான். வெயில் குறைந்தால் தானாக வெளிறும். எந்தக் கெடுதலும் இல்லை. ஆனால் ஒரு புள்ளி மட்டும் பெரிதானாலோ, நிறம் மாறினாலோ, ரத்தம் கசிந்தாலோ உடனே காட்ட வேண்டும்.

குறைக்கத்தான் வேண்டும் என்றால் எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன்தான் முதல் மருந்து, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. அசெலிக் அமிலம், ரெட்டினாய்டு, ஹைட்ரோகுவினோன் போன்ற பூச்சு மருந்துகள் எல்லாம் மருத்துவர் சொல்லும் அளவில், சொல்லும் காலம் வரைதான். ஹைட்ரோகுவினோனை வருடக்கணக்கில் போட்டால் தோல் நீலக்கருப்பாக மாறக்கூடும். லேசர் பலன் தரும், ஆனால் நம் நிறத் தோலில் சுட்ட இடம் முன்னைவிடக் கருத்துப்போகலாம். அதனால் சின்ன இடத்தில் செய்து பார்க்காமல் யாரிடமும் முகத்தை நீட்டாதீர்கள். வெயிலில் திரிந்தால் புள்ளிகள் திரும்பவும் வரும்.

என் மகளுக்கு ஒன்பது வயது. அவள் மூக்கிலும் புள்ளிகள் வர ஆரம்பித்திருக்கின்றன. "பாப்பாவுக்கும் லேசா தடவுங்க" என்று பார்லரில் சொன்னதைக் கேட்டு, ஒரு ராத்திரி விரலில் எடுத்தும்விட்டேன். அவள் தூங்கிவிட்டதால் தடவவில்லை. அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மிச்ச டப்பாவை மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகாரோடு கொடுத்திருக்கிறேன். இப்படி ஏதாவது போட்டுக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் கிடந்து தவிக்காதீர்கள், டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். ஆபீசில் என் பேச்சைக் கேட்டு வாங்கிய இருவரிடமும் சொல்லிவிட்டேன். ஒருத்தி மருத்துவரிடம் போய்விட்டாள். இன்னொருத்தி, தங்கை கல்யாணம் முடியட்டும் என்று இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறாள்.