கார்பைடு பிரிண்டிங்: நைஸ் தூளா, பருந்தூளா?

லேத் பட்டறைக்காரர்கள் தினமும் தொடும் பொருள்தான் கார்பைடு டிப், அதாவது உலோகத்தைச் சீவும் கருவியின் கடின முனை. டங்ஸ்டன் கார்பைடு மணிகளைக் கோபால்ட் என்ற உலோகம் பிடித்துவைத்திருக்கும். ஜெர்மனியில் கார்ல் ஷ்ரோட்டர் 1923இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்; 1926 முதல் க்ரூப் நிறுவனம் 'விடியா' என்று விற்றது. அச்சில் அழுத்திச் சூளையில் சுடுவதுதான் வழக்கம். இப்போது அதையே, தூளை அடுக்கடுக்காகப் பரப்பி, 3டி பிரிண்டரிலும் செய்கிறார்கள்.

"உறுதி வேண்டுமென்றால் நைஸ் தூளை வாங்கு" என்று சொல்வதில் பாதிதான் உண்மை. இங்கே அளவுகள் இரண்டு: ஒன்று, கார்பைடு மணியின் அளவு. மற்றொன்று, அப்படிப்பட்ட பல மணிகளைக் கோபால்ட்டோடு சேர்த்து உருட்டிய உருண்டையின் அளவு. பிரிண்டருக்குத் தெரிவது உருண்டை மட்டுமே.

மணியைப் பார்ப்போம். அரை மைக்ரானுக்குக் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே போனால் இடையிலுள்ள கோபால்ட் படலம் மெலிந்து கடினம் ஏறும், வெட்டுமுனை எளிதில் மழுங்காது. அழுத்திச் சுட்ட நல்ல தரங்கள், வளைத்து முறிக்கும் சோதனையில் 4000 மெகாபாஸ்கல் வரை தாங்குகின்றன. ஆனால் சூளையில் மணி வளர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் துளி வனேடியம் கார்பைடோ குரோமியம் கார்பைடோ சேர்ப்பது. 5 மைக்ரான் மணியில் கடினம் குறைவு. ஆனால் விரிசல் ஓட வேண்டுமானால் தடித்த கோபால்ட்டைக் கிழித்தாக வேண்டும். அதனால் பாறை துளைக்கும் பிட்டுக்கு இதுதான் சரி.

உருண்டை விஷயத்தில் கதை வேறு. சல்லடையில் மைதா கட்டிகட்டியாக நிற்கும், ரவை பொலபொலவென்று விழும் அல்லவா? 10 மைக்ரானுக்குக் கீழுள்ள தூளும் மைதா மாதிரிதான்: பரப்பும்போதே அடுக்கில் திட்டும் பள்ளமும் விழும். பெரிய உருண்டை நன்றாக ஓடும். ஆனால் உருண்டைகளுக்கு நடுவே பெரிய இடைவெளி. தூள் அடுக்கில் பசை தெளித்து உருவம் செய்யும் பைண்டர் ஜெட் முறையில், ஒட்டிய உருவத்தை 1400 டிகிரிக்கு மேல் சுடும்போது கோபால்ட் உருகி எல்லாவற்றையும் இழுத்துச் சுருக்கும்; நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடப் போய்விடும். அப்படியும் மூடாத துளைதான் எமன். துளை நான்கு மடங்கு பெரிதானால் முறிவுறுதி ஏறக்குறைய பாதியாகும். 30 மைக்ரான் துளை இருக்கும் இடத்தில் அரை மைக்ரான் மணி என்ன செய்துவிடும்?

லேசரில் நேரடியாக உருக்குவது தனித் தலைவலி. கோபால்ட் ஆவியாகும், கார்பைடு சிதையும், விரிசல் விடும். தூளின் அளவை மாற்றி மட்டும் அதைச் சரிக்கட்ட முடியாது.

என் கட்சி இதுதான்: வெட்டுக்கருவி என்றால் பைண்டர் ஜெட், உள்ளே நுண்மணி, வெளியே 15 முதல் 45 மைக்ரான் வரை கலந்த உருண்டை. சிறியவை பெரியவற்றின் இடுக்கில் புகுந்துகொள்ளும். மிச்சத் துளைகள் மூட, கடைசியில் வாயு அழுத்தத்தோடு சுட வேண்டும். இதில் கஞ்சத்தனம் கூடாது. பாறை பிட் என்றால் உருண்டையை அப்படியே வைத்து மணியை மட்டும் பருமனாக்கலாம். அப்புறம், டப்பாவில் "15–45" என்று போட்டிருப்பது உருண்டையின் அளவு. உள்ளே இருக்கும் மணி எத்தனை மைக்ரான் என்று விற்பவரிடம் தனியாகக் கேட்டு வாங்குங்கள்.