டர்போவ கழட்டுறதுக்கு முன்னாடி: ஸ்கேனரா, சோப்புத்தண்ணியா, புகை மெஷினா?

லோடு ஏத்துனா டிப்பர் இழுக்கமாட்டேங்குது, பின்னாடி கரும்புகை, ஆக்சிலேட்டர மிதிச்சா ஸ்ஸ்ஸ்னு ஒரு சத்தம். இதக் கேட்டதும் நம்ம ஊர்ல பாதிப்பேரு சொல்லுதது "டர்போ போச்சு மக்கா". டர்போன்னா இஞ்சினுக்குள்ள காத்த அமுக்கி அனுப்புற பாகம். போன மழைல எனக்கும் ஒரு பட்டறைல அப்பிடித்தான் சொன்னாவ, நானும் நம்பி புதுசு மாட்டிட்டேன். ரெண்டு நாள் கழிச்சு குலசேகரம் ஏத்தத்துல எம்சாண்டோட ஏறுனா அதே புகை, அதே சத்தம். கடைசில பாத்தா டர்போல இருந்து இன்டர்கூலருக்கு, அதாவது அந்தக் காத்த குளுமையாக்குற ரேடியேட்டருக்குப் போற ஓசுல, கிளாம்புக்கு அடியில, விரல்நகம் நீளத்துக்கு ஒரு கிழிசல். மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது, கீழ்ப்பக்கம் எண்ணெயும் தூசியும் சேந்து கறுப்பா ஒரு கோடு, அதான் அடையாளம்.

அதுக்கப்புறம் இப்பிடி லீக்க கண்டுபிடிக்குற மூணு வழியையும் பாத்துட்டேன், சொல்லுதேன்.

வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டி ரீடிங் பாக்குற ஸ்கேனர் நல்லதுதான், ஆனா அது ஆளு குறையுதுன்னு சொல்லுமே தவிர எங்க ஓடிப்போனான்னு சொல்லாது. இஞ்சின் போடாம சாவிய மட்டும் ஆன் பண்ணி மேப் சென்சார் (மேனிஃபோல்ட்ல காத்தழுத்தம் அளக்குறது) ரீடிங் பாருங்க, நம்ம ஊரு கடல்மட்டம்லா, 100 கிலோபாஸ்கல் கிட்ட காட்டணும், ரொம்ப வித்தியாசமா இருந்தா சென்சாரையே சந்தேகப்படணும். பெறவு லோடோட ஏத்தத்துல ஓட்டி, இஞ்சின் கம்ப்யூட்டர் கேக்குற பூஸ்ட் (டர்போ கட்டுற காத்தழுத்தம்) எவ்வளவு, வர்ற பூஸ்ட் எவ்வளவுன்னு பக்கத்துல வச்சு பாக்கணும். நின்ன இடத்துல ரேஸ் பண்ணிப் பாக்குறது வேஸ்ட், லோடு இல்லாம டர்போ பெருசா பூஸ்ட் கட்டாது. ஸ்கேனர்ல பி0299-ங்குற ஃபால்ட் கோடு வந்துச்சுன்னா பூஸ்ட் குறைவுன்னு மட்டும்தான் அர்த்தம். ஓசு கிழிஞ்சாலும் வரும், வேஸ்ட்கேட் (டர்போக்குப் போற எக்ஸாஸ்ட்ட வெளிய திருப்பி விடுற கதவு) தொறந்தபடி சிக்குனாலும் வரும், ஃபில்டர் அடைச்சாலும், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட் போனாலும் வரலாம்.

சோப்புத்தண்ணிதான் என் ஓட்டு. பிவிசி எண்ட் கேப்ல ஓட்ட போட்டு டியூப்லெஸ் டயர் வால்வு ஒண்ண மாட்டி, ஃபில்டர் பைப்ப கழட்டி டர்போ வாயில கேப்ப வச்சு கிளாம்ப் போட்டு இறுக்கணும். கம்ப்ரசர்ல ரெகுலேட்டர வச்சு 10, 15 பிஎஸ்ஐக்கு மேல போகாம காத்து விடுங்க, நேரா லைன் பிரஷர குடுத்தா கேப்பு தோட்டா மாதிரி தெறிக்கும், அதனால முகத்த நேரா வைக்காதீங்க. ஷாம்பு பாக்கெட் ஒண்ண தண்ணில கலக்கி ஓசு, கிளாம்ப், இன்டர்கூலர் ஓரம், மேனிஃபோல்ட் கேஸ்கெட் எல்லாத்துலயும் தெளிச்சா லீக் உள்ள இடத்துல நுரை பொங்கும். ஒரு விஷயம், பிரஷர் மெதுவா எறங்குதேன்னு பதறக்கூடாது, இஞ்சின்ல தொறந்து கெடக்குற வால்வு வழியா சிலிண்டருக்குள்ள கொஞ்சம் போகத்தான் செய்யும். கேப்ப கழட்டும்போ காத்த முழுசா விட்டுட்டு கழட்டுங்க.

பைப்புக்குள்ள புகைய விட்டு எங்க வெளிய வருதுன்னு பாக்குற புகை மெஷினுக்கும் ஒரு இடம் இருக்கு, அது ஃபில்டர்ல இருந்து டர்போ வரைக்கும் உள்ள பக்கம். அங்க காத்து வெளிய வராது, தூசிதான் உள்ள போகும், குவாரி தூசி கம்ப்ரசர் வீல அரிச்சுரும். கேப்ப டர்போ வாயில வச்சா இந்தப் பக்கம் டெஸ்ட்டுல வராதுலா. ஆனா சாதாரண மெஷின் பிரஷர் 1 பிஎஸ்ஐ அளவுக்குத்தான், பூஸ்ட் வந்தா மட்டும் விரியுற கிழிசல இதுல பிடிக்க முடியாது. பெறவு காத்தாடி நிறைஞ்ச ஆரல்வாய்மொழி பக்கம் காத்துல வெளிய நிறுத்தி புகை டெஸ்ட் பண்ணா வண்டி புகையுதா காத்தாடி புகையுதான்னே தெரியாது, ஷெட்டு வேணும்.

ஓடுற இஞ்சின்ல ஈதர் ஸ்பிரே அடிச்சு லீக் பாக்குதவங்க உண்டு. டீசல் வண்டில அத செய்யாதீங்க, உள்ள இழுத்தா இஞ்சினுக்கே சேதம், டர்போக்குப் பெறவு உள்ள லீக்குல காத்து வெளியதானே வருது, ஒண்ணும் தெரியவும் செய்யாது.

புது ஓசும் டி-போல்ட் கிளாம்பும் போட்டதோட வண்டி பழையபடி ஏறுது. கழட்டுன பழைய டர்போ வீட்டு ஷெட்டுல கெடக்கு, விரல வச்சு சுத்துனா ஆட்டமே இல்லாம இன்னும் சுத்துது.