கன்னத்தில் சாம்பல்: ஜிங்க் சன்ஸ்கிரீனோடு நான்கு வருடம்

போன வாரம் குன்னூர் ஸ்டாண்டில் எங்களோடு வண்டி ஓட்டும் தம்பி ஒருவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணா, முகத்துக்கு என்ன க்ரீம் போடறீங்க? பாப்பாவுக்குக் கன்னத்துல வெள்ளையா வருது, வெயில் படாம பாத்துக்கச் சொல்றார் டாக்டர்" என்று கேட்டார். பாதி சொல்வதற்குள் ஊட்டி சவாரி வந்துவிட்டது. மீதியை இங்கே எழுதிவிடுகிறேன், அவரைப்போல வேறு யாராவது தேடினாலும் உதவும்.

எனக்கு வெண்புள்ளி வந்து ஒன்பது வருடமாகிறது. வலது கன்னம், வலது காது, இரண்டு புறங்கை. மற்ற இடமெல்லாம் மாநிறம். நம் உடம்பே நிறமி செல்களை எதிரி என்று நினைத்து அழித்துவிடுவதால் வருவது இது. தொட்டால் ஒட்டாது, குஷ்டமும் இல்லை. இதை இன்னமும் ஒவ்வொருவரிடமும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்கு வருத்தம் உண்டு.

நிறமி போன தோல் வெயிலுக்கு எவ்வளவு சீக்கிரம் வெந்துபோகும் என்பது எனக்கு ஒரு மே மாத சீசனில்தான் புரிந்தது. தொட்டபெட்டா பார்க்கிங்கில் பகல் முழுக்க நின்றேன். மேல் ஸ்வெட்டர், நல்ல காற்று, அவ்வப்போது மேகம். சாயங்காலம் கன்னம் எரிய ஆரம்பித்தது, மறுநாள் காலையில் கொப்புளம். மலையில் இருக்கிற நாம் எல்லோரும் செய்யும் தப்பு இதுதான், குளிர்கிறது என்றால் வெயில் இல்லை என்று எடுத்துக்கொள்கிறோம். புற ஊதாக் கதிர் சுடுவது நமக்குத் தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் அது சுமார் 10 சதவீதம் கூடும், அந்தக் கணக்கில் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் அது மலையடிவார மேட்டுப்பாளையத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். மெல்லிய மேகமும் மூடுபனியும் அதைப் பெரிதாகத் தடுப்பதில்லை.

வண்டிக்குள் இருந்தால் தப்பலாம் என்றும் நம்பியிருந்தேன். முன்கண்ணாடி லேமினேட்டட், அதாவது நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய இரட்டைக் கண்ணாடி. புற ஊதாவில் ஆழமாக இறங்கித் தோலைக் கறுக்கவைக்கும் யூவிஏ கதிரை அது பெரும்பாலும் நிறுத்திவிடும். பக்கக் கண்ணாடி அப்படியில்லை, தோலை வேகவைக்கும் யூவிபியைத் தடுத்தாலும் யூவிஏவை நிறைய உள்ளே விடும். காற்றுக்காக இறக்கிவிட்டால் அந்தத் தடுப்பும் கிடையாது. ஓட்டுகிறவனுக்கு ஜன்னல் வலது பக்கம், என் வெள்ளைக் கன்னமும் வலது பக்கம்.

சரி, க்ரீமுக்கு வருகிறேன். கதிரைத் தடுக்கும் வெள்ளைத் தாதுத்தூளான ஜிங்க் ஆக்ஸைடு, எஸ்பிஎஃப் 50 (யூவிபி தடுப்பின் அளவு), பிஏ நான்கு பிளஸ் (யூவிஏ தடுப்பின் அளவு), 50 கிராம் டியூப். நான்கு வருடத்தில் கன்னம் ஒருமுறைகூட வேகவில்லை. இதற்கு முன்னால் ஒரு ஜெல் போட்டேன், நிறமே தெரியாமல் அழகாக இருக்கும், ஆனால் பர்லியாரைத் தாண்டி இறங்கும்போது வியர்வையோடு கண்ணுக்குள் போய் எரிய ஆரம்பித்துவிடும். கொண்டை ஊசி வளைவில் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஸ்டியரிங் திருப்ப முடியுமா? ஜிங்க்கில் அந்தத் தொல்லை இதுவரை இல்லை. இதற்காகவே அந்தக் கம்பெனிக்கு நன்றி சொல்லலாம்.

ஆனால் சாம்பல். நான்கு வருடமாக என்னைக் கோபப்படுத்துவது அது ஒன்றுதான். வெள்ளைப் பகுதியில் தடவினால் க்ரீம் போட்டதே தெரியாது, அவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது. அதே க்ரீம் பக்கத்திலேயே மாநிறத் தோலில் திருநீறு பூசி வியர்த்த மாதிரி சாம்பல் பூத்து நிற்கும். சரி, வெள்ளையில் மட்டும் போடலாம் என்றால் சுற்றியுள்ள தோல் வெயிலில் இன்னும் கறுத்து, புள்ளி முன்னைவிடப் பளிச்சென்று தெரியும். ஆக இரண்டுக்கும் போட்டாக வேண்டும். வெள்ளைக்கு ஜிங்க், மாநிறத்துக்கு அந்த ஜெல் என்று ஆறு மாதம் கண்ணாடி முன்னால் நின்று சுண்டுவிரலால் ஓரம் பிரித்துத் தடவிப் பார்த்தேன். மத்தியானத்துக்குள் வியர்வையில் இரண்டும் கலந்துவிடும். டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் நாட்களில் க்ரீம் இறுகி, தேய்க்கத் தேய்க்கத் திட்டுத் திட்டாக நிற்கும். அதற்கு நான் கண்டுபிடித்த வழி, டியூபைக் கொஞ்ச நேரம் சட்டைப் பைக்குள் வைத்துச் சூடாக்கிக்கொள்வது. டாஷ்போர்டில் வைக்காதீர்கள், அங்கே சூடேறிக் கெட்டுப்போகும். நம் ஊர் வெயிலுக்கு என்று விற்கிறார்கள், நம் ஊர்த் தோலில் ஒருநாளாவது தடவிப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

நிறம் கலந்த டின்டட் வகையும் வாங்கினேன். சாம்பல் போனது, புள்ளியும் மறைந்தது. மாதாமாதம் கோவை ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் வரும் ஒரு அம்மா, "குணமாயிடுச்சாப்பா!" என்று அவ்வளவு சந்தோஷமாகக் கேட்டார். இல்லைம்மா, பூச்சுதான் என்று சொன்னபோது அவர் முகம் வாடியதை இப்போதும் மறக்க முடியவில்லை. அதோடு அதை நிறுத்திவிட்டேன். மறைக்க விரும்புகிறவர்கள் தாராளமாகப் போடட்டும், அது அவரவர் விருப்பம். எனக்கு வேகாமல் இருந்தால் போதும்.

அளவு முக்கியம். பட்டாணி அளவு தொட்டுத் தடவினால் டியூபில் எழுதியிருக்கும் எஸ்பிஎஃப் 50 உங்கள் தோலுக்குக் கிடைக்காது. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம் பிதுக்கி எடுக்க வேண்டும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடியும். காதை மறக்கக்கூடாது. இப்படிப் போட்டால் 50 கிராம் எனக்கு இரண்டு வாரம்கூட வருவதில்லை. ஒரு டியூப் ஐந்நூறு ரூபாய்க்கு மேல். புறங்கைக்குத் துணி கையுறை, முழுக்கைச் சட்டை என்று மாறியபிறகுதான் செலவு கொஞ்சம் குறைந்தது.

தம்பி, உங்கள் பாப்பாவுக்கு இதை நான் சொல்ல மாட்டேன். வேலை செய்யாது என்பதால் இல்லை. பள்ளிக்கூடத்தில் அந்தச் சாம்பல் கன்னத்தை மற்ற பிள்ளைகள் பார்க்கும் பார்வை அவளுக்கு வேண்டாம். காது மறைகிற அளவு அகல விளிம்புத் தொப்பி முதலில் வாங்குங்கள், முழுக்கை போடுங்கள், மத்தியான விளையாட்டை நிழலில் வைக்கச் சொல்லி டீச்சரிடம் பேசுங்கள். க்ரீம் எது என்று டாக்டரிடம் கேட்டுவிட்டு, வாங்கும் முன் கடையிலேயே அவள் மாநிறத் தோலில் ஒரு துளி தடவி, வெளியே வெளிச்சத்துக்கு வந்து பாருங்கள்.

என் மார்க் ஐந்துக்கு இரண்டு. நேற்று மேட்டுப்பாளையம் இறங்கியபோது அதே டியூப் இரண்டு வாங்கிவைத்திருக்கிறேன், சீசன் முடியும்வரை வேண்டும்.